ரஜீனாவும் வலி மாத்திரையும்

மீனாட்சிபுரம் கடைவீதியில் ரஜீனாவின் நைட்டிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்தும் தமிழும் மலையாளமும் சந்திக்கும் அந்த எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பெண்கள் தேடி வந்தார்கள். பாதி துணிக்காக, பாதி அவள் பேச்சுக்காக. வந்தவளின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதா, மாடு கன்று போட்டதா என்று கேட்டு முடித்த பிறகுதான் துணிக் கட்டைப் பிரிப்பாள். கணவர் அஷ்ரஃபுக்கு அதிகம் பேச வராது. ஈரோட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவது, கல்லாவில் உட்காருவது அவர் வேலை. மகள் நஜ்லா கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள்.

நாற்பத்தாறாவது வயதில் ரஜீனாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, முடி கொட்டி, மறுபடி வளர்ந்து, கடைக்கும் வந்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து முதுகு வலித்தது. துணிக் கட்டு தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். ஸ்கேன் எடுத்தபோது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. முழுசாகப் போகாது, ஆனால் மருந்தால் வருடக்கணக்கில் கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர்.

நோயைவிட வலிதான் பெரிதாக இருந்தது. படுக்க முடியாது. மேசையில் தலையணையைப் போட்டு, அதில் நெற்றியைக் கவிழ்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வலி தணிப்பதற்கென்றே இருக்கும் பாலியேட்டிவ் கிளினிக்கில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் மத்தியானம் மாத்திரை போட்டவள், பல வாரங்களுக்குப் பிறகு கால் நீட்டி மல்லாந்து படுத்தாள். மூச்சு வருகிறதா என்று அஷ்ரஃப் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

வலி அடங்கியது. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. வாய் மரக்கட்டைபோல உலர்ந்தது. மூக்கு நுனி ஓயாமல் அரித்தது. வயிறு கல்லாக இறுகிப்போனது. அதற்கென்று கிளினிக்கில் பேதி மருந்தும் கொடுத்திருந்தார்கள். மாத்திரை போடும் காலம் முழுக்க அதையும் விடக்கூடாது என்று சொல்லியும் அனுப்பினார்கள். ரஜீனா அதைத் தொடவில்லை. கடையில் கழிப்பறை இல்லை. அவசரம் என்றால் பின்தெருவில் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரையும் குறைத்தாள். வாரம் ஒருமுறை கழிப்பறையில் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பாள். வெளியே வந்து முகத்தைக் கழுவிவிட்டு, ஒன்றுமில்லை என்பாள். இந்த விஷயத்தைக் கணவரிடம்கூட எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தூக்கம் வேறு. விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். பழகிய முகங்களின் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிடும். ஒரு நாள், பிரித்துப் போட்ட வெள்ளை நைட்டியின் மேல் எறும்பு ஊர்கிறது என்று தட்டத் தொடங்கினாள். எதிரே நின்ற பெண்ணுக்கு எறும்பு எதுவும் தெரியவில்லை. துணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்க்கடை சென்னிமலை நல்ல மனிதர். டீ கொண்டுவந்து வைத்தவர், தணிந்த குரலில் அஷ்ரஃபிடம் கேட்டார்.

"ஏனுங்க, அக்காளுக்கு என்ன மாத்தரைங்க குடுக்கறாங்க?"

"மார்ஃபினுங்க."

"அது போதை மருந்தாச்சேங்க! எங்க மாமனுக்கும் கடைசீல அதத்தானுங்க குடுத்தாங்க. அப்பறம் ஆளு எந்திரிக்கவே இல்லீங்க."

அஷ்ரஃபுக்கு அதன்பின் வேலை ஓடவில்லை. மனைவி தூங்கும்போதெல்லாம் கடைசி என்ற சொல் காதில் விழுந்தது. வீட்டில் அதே அளவில், அதே வெள்ளை நிறத்தில் ஒரு சத்து மாத்திரை இருந்தது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர்தான் என்பதால் மாற்றுவது சுலபமாக இருந்தது. காலையில் உண்மையான மாத்திரை. மத்தியானமும் மாலையும் சத்து மாத்திரை.

முதல் நாள் ரஜீனா தெளிவாக இருந்தாள். பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு வம்பு பேசினாள். அஷ்ரஃப் ரேக்குக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளே வலி திரும்பியது. முன்பைவிட மூர்க்கமாக. வியர்த்துக் கொட்டியது, மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி. இறுகிக் கிடந்த வயிறு திடீரென்று கழன்று ஓடியது. மருந்துக்கும் அடங்காத அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று ரஜீனா முடிவு செய்தாள். அவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

நஜ்லாவைப் போன் செய்து வரவழைத்தாள். அருகில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அத்தாவுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல கண்ணு. வாரத்துல ஒருக்காவாச்சும் வந்து பாரு. வாயத் தொறந்து எதும் கேக்க மாட்டாரு, நீயாத்தான் தெரிஞ்சுக்கோணும். என்ற வளையலு உனக்குத்தான்."

"அம்மா, ஏம்மா இப்படிப் பேசறே?"

"அந்த மாத்தரையே வேல செய்யலீன்னா இனி என்ன இருக்குது?"

வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற அஷ்ரஃப் இதைக் கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஜிபி வந்தாள். மலையாளி, எல்லையிலேயே வேலை பார்த்துத் தமிழ் கற்றவள். ரஜீனாவின் கையைத் தொட்டாள். தோல் முழுக்கப் புல்லரித்து நின்றது. ஒழுகும் மூக்கையும் கொட்டாவியையும் பார்த்தாள்.

"சேச்சி, மாத்திரை நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு விடாம முழுங்கறேன்."

"யாரு எடுத்துக் குடுக்கறது?"

நர்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அஷ்ரஃப் செம்பைக் கீழே வைத்தார்.

"நாந்தானுங்க. நாந்தான் மாத்திக் குடுத்தேன்."

சத்து மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நர்ஸின் கையில் கொடுத்தார். ரஜீனா அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"நான் செத்துப் போறேன்னு நெனச்சுட்டுக் கெடந்தேனுங்க. புள்ளைகிட்ட வளையலப் பத்திப் பேசிட்டேன். பாத்துட்டே நின்னீங்களா?"

"நீ நீயா இல்ல ரஜீனா. இல்லாத எறும்பத் தட்டிட்டு உக்காந்திருந்தே. உன்ற பேச்சே நின்னு போச்சு. எனக்குப் பயமாப் போச்சு."

"என்னக் கேட்டிருக்கலாமல்லங்க?"

அஷ்ரஃப் அழுதார். நஜ்லா தன் அத்தா அழுது பார்த்ததில்லை.

ஜிபி திட்டவில்லை. பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்றாள். வலிக்காகச் சரியான அளவில் கொடுப்பதால் யாரும் சாவதில்லை, ஆனால் பழகிய உடம்பில் திடீரென்று குறைத்தால் உடம்பு இப்படித்தான் துடிக்கும் என்றாள். நோய் முற்றியதற்கான அடையாளம் இதுவல்ல என்று அவள் சொன்னதும் ரஜீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, பேதி மருந்தைத் தொடாமல் விட்டதைத் தானும் சொன்னாள். கழிப்பறைக் கதையையும் சொன்னாள்.

"இதுக்கு எதுக்கு நாணம் சேச்சி? நான் தினமும் பத்து வீட்டுல கேக்கறது இதத்தானே!" என்று ஜிபி சிரித்தாள். வெளியே போகாமல் வயிறு அடைத்ததும், தண்ணீர் குடிக்காததும்கூட அந்த எறும்புகளைக் கொண்டுவந்திருக்கலாம் என்றாள்.

டாக்டரிடம் போனில் பேசி, பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்து மறுபடி தொடங்கினார்கள். நரம்பு வலிக்கு இன்னொரு மருந்து சேர்த்தார்கள். பேதி மருந்து தினமும் உண்டு. அந்த மாதமே அஷ்ரஃப், அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த கடையின் பின்மூலையில் சின்னதாக ஒரு கழிப்பறை கட்டினார். கொத்தனாரிடம் அவர் பேசியது, கல்யாணமான நாளிலிருந்து ரஜீனா அவரிடமிருந்து கேட்ட பேச்சைவிட அதிகம்.

அவள் கோபம் அத்தனை சீக்கிரம் தணியவில்லை. மாத்திரைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ரொம்ப நாள் அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட வாங்காமல் தானே போய் எடுத்துக் குடித்தாள். பிறகு ஒரு நாள் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்ததால் வாங்கிக் குடித்தாள். அதோடு கோபமும் முடிந்தது.

எறும்புகள் போய்விட்டன. தூக்கமும் வாய் உலர்வதும் போகவில்லை. மாத்திரை போட்ட பிறகு ரேக்குக்குப் பின்னால் பாய் விரித்துக் கொஞ்ச நேரம் படுப்பாள். பெயர் மறந்தால், "மாத்தரைல உன்ற பேரு மறந்து போச்சு, சொல்லு" என்று நேராகக் கேட்டுவிடுவாள். சில நாள் வலி மாத்திரையை மீறி வரும். அன்று கடைக்கு வரமாட்டாள்.

சென்ற மாதம் நஜ்லாவின் நிச்சயத்துக்கு மலைமேல் இருக்கும் அகளிக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே மளிகைக் கடை. மலைப்பாதை வளைவுகளில் முதுகு குலுங்கியதால் கிளினிக்கில் அதற்கென்று சொல்லி வைத்திருந்த கூடுதல் மாத்திரையை ரஜீனா போட்டிருந்தாள். பெரியவர்கள் பேசத் தொடங்கியதும் சோபாவிலேயே தூங்கிப்போனாள். மாப்பிள்ளையின் அம்மா தலைக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, எல்லாரையும் மெதுவாகப் பேசச் சொன்னார். ரஜீனா விழித்தபோது தேதி குறித்து, இனிப்பும் தின்று முடித்திருந்தார்கள்.

"என்னக் கேக்காமயே தேதி வெச்சுட்டீங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. யாரு என்ன சொன்னீங்க?"

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.