கழிக்கப்படாத தலை

என் அக்கா வீட்டுக்காரர் பார்த்த வேலையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாட்டில் உள்ள அடுப்பு, ஆலை, லாரி, மாடு எல்லாம் விடுகிற புகையையும் வாயுவையும் கூட்டி, மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு வகுத்தல்காரர் என்றே பெயர். நான் அங்கேயே ஓட்டுநராக இருந்ததால் எல்லாக் கூத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எங்களுக்கும் பக்கத்து நாட்டுக்கும் இதில் தீராத போட்டி. இரண்டும் இன்னும் வளர்ந்து முடிக்காத நாடுகள். பணக்கார நாடுகளின் புகைக்கு முன்னால் எங்கள் இருவரின் புகையும் கடுகளவு. ஆனாலும் தலைக்கு யாருக்குக் குறைவு என்று வருடா வருடம் மல்லுக்கட்டுவோம்.

அத்தான் அந்தப் போட்டியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். புகையைக் குறைப்பது கஷ்டம், தலையைக் கூட்டுவது சுலபம் என்பது அவர் கண்டுபிடிப்பு. அக்கா அடுப்பைப் பற்றவைத்தால் போதும், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். தபால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், ஏதோ முகவரி விசாரித்த ஆள் என்று எல்லோரும் எங்கள் வீட்டில் டீ குடித்தவர்கள்தான்.

“ஆள் கூடக் கூடத் தலைக்குப் புகை குறையுதுல்ல?” என்பார்.

“டீயும்தான் குறையுது,” என்பாள் அக்கா.

இரு நாட்டுக் கூட்டம் ஒன்றில் அந்தப் பக்கத்து வகுத்தல்காரரோடு பழக்கமானார். மேடையில் சண்டை, சாப்பாட்டு மேஜையில் சமாதானம். கடைசியில் அவர் மகனுக்கே தன் ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அவள் கிளம்பிய அன்று அத்தான் தேம்பித் தேம்பி அழுதார். நான் தோளைத் தொட்டேன்.

“நமக்கு ஒரு தலை குறைஞ்சுபோச்சு, மச்சான். அவங்களுக்கு ஒண்ணு கூடிடுச்சு.”

எனக்கு வந்த கோபத்தில் விருட்டென்று எழுந்து போய்விட்டேன். பெற்ற பெண்ணையும் வகுக்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

அடுத்த கூட்டத்தில் குட்டு உடைந்தது. நாட்டை விட்டுப் போனவரை ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கூட்ட வேண்டும் என்பது விதி. நாங்கள் கழித்ததைவிட அந்தப் பக்கம் கூட்டியது ஒன்று அதிகமாக இருந்தது. சம்பந்தி எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எங்க மருமகளை நீங்க இன்னும் கழிக்கலை.”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அத்தான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மேலதிகாரி அம்மா அவர் பக்கம் குனிந்தார்.

“ஒரே ஒரு தலைங்க. எடுத்தா கடைசிப் புள்ளிகூட அசையாது. எடுத்துடுங்க.”

“அசையாதுன்னா இருந்துட்டுப் போகட்டுமே, மேடம்.”

“கணக்கு இடிக்குதே! உங்க வேலைக்கே உலை வெச்சுக்காதீங்க.”

“அவளைக் கழிக்க எனக்குக் கை வரலை. வேணும்னா என்னைக் கழிச்சுக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு தரப்பும் அவரைக் கழித்துப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு அப்படியே நேராகிவிட்டது! எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து என் அத்தான் எந்த நாட்டு மக்கள்தொகையிலும் இல்லை. வழக்கம்போல வேலைக்கு வந்து, தன்னை விட்டுவிட்டு நாட்டை வகுத்தார்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். நடந்ததை மாமனார் வாயால் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள், ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள்.

“எத்தனை டீப்பா?”

“அம்மாவுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு.”

“எனக்கு எதுக்கு ரெண்டு?”

“ரெண்டு நாட்டுலயும் நீ இருக்கியேம்மா. இந்த நாட்டு டீயை நான் குடிச்சுக்கறேன்.”

 அவள் டீயை ஆற்றி எடுத்து வந்து, தன் இரண்டு டம்ளரையும் அவர் முன்னால் வைத்தாள்.