மூச்சு விடாத இஞ்சி பீர்

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு இஞ்சி பீர் பிடிக்கும். பெயர்தான் பீர், போதை கிடையாது. "ஞாயித்துக்கெழம வா கண்ணு, அப்பாவே போட்டுத் தர்றேன்" என்று போனில் பீற்றிக்கொண்டேன்.

இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு கலந்தேன். மூடியில் துளையிட்டு ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விட்டேன். புளித்தால் டம்ளரில் குமிழ் வரும். வந்தது. மறுநாள் நின்றுவிட்டது.

ஈஸ்ட் செத்துவிட்டதா, வேலையை முடித்துவிட்டதா? ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக் குளிராக இருக்குமோ என்று கம்பளி போர்த்தினேன். சர்க்கரை பத்தவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். முதல் நாளிலிருந்தே நடுநடுவே மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தேன். உள்ளே நுரை இருந்தது, டம்ளரில் குமிழ் இல்லை.

மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, நிமிசத்துக்கு ஒருக்கா தொறந்தா காத்து மூடி வழியாத்தான் போவும். டியூப்புக்கு எப்படிங்க வரும்? புள்ளைக்கு ஓயாம போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேக்கறாப்லயே இதையும் பண்றீங்க. ரெண்டையும் செத்த நேரம் வுடுங்க."

மூடியை இறுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். போனையும் தொடவில்லை. சாயங்காலம் டம்ளரில் ஒரு குமிழ் வந்தது. பின்னாலேயே மகளின் போன் வந்தது.

"ஏம்ப்பா, இன்னிக்கு கூப்புடவே இல்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்தப் பதற்றம் அச்சு அசல் என்னுடையது. நமக்காக ஒருவர் பதறுவது தொல்லையா, இதமா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.