எங்கள் ஹோலில் சிமிட்டிய பல்ப்

எங்கள் வீட்டில் குண்டு பல்புகளைக் கழற்றியது 2002 ஒக்டோபரில். மனைவி செப்டெம்பர் என்பாள். அது பிழை. ஜெபமாலை மாதத்தில், மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காலையில்தான் மாற்றினேன்.

அதற்குமுன் நீண்ட மின்வெட்டில் தவித்தவர்கள் நாங்கள். கரண்ட் ஒழுங்காக வந்ததும் மாத்தளையில் பாதிப்பேர் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. மின் சிக்கனம் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டிலிருந்த எட்டு பல்புகளையும் மாற்றி, சுருள் சுருளான சேவிங் பல்புகளைப் போட்டேன். ஹோலுக்கு மட்டும் புது சுவிட்ச் ஒன்றும் வாங்கினேன். பல்பை அணைத்தால் அந்த சுவிட்சுக்குள் கடுகளவு சிவப்பு விளக்கு எரியும். இருட்டில் சுவரைத் தடவ வேண்டியதில்லை.

புது வெளிச்சத்தில் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. உங்க மூஞ்சியப் பார்த்தா சேலைன் ஏத்தணும் போல இருக்கு."

"சிக்கனம்" என்றேன்.

"சிக்கனமா செத்துப்போன மாதிரி இருக்கீங்க."

ஒக்டோபர் முழுவதும் மாதா கோவிலிலிருந்து சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாலையில் அயலார் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மறுநாள் மாலை பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருடம் எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் முறை. வியாழன் மாதம் முடிந்து சுரூபம் கோவிலுக்குத் திரும்பிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா தனியாக இருந்து தையல் வேலை செய்தவர். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு சந்தில், கடைசி வீடு அவருடையது என்பதால் கடைசி முறையும் அவருக்கே. முந்தைய வருடம் மின்வெட்டும் மழையும் சேர்ந்துகொண்டதால், சுரூபம் அவர் வீட்டைத் தாண்டி நேரே கோவிலுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பாதையில் யாரையும் விடவில்லை. இந்த வருடம் அவர் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுங்கை முழுவதற்கும் பற்றிஸ் பலகாரம் பொரிக்க, உள்ளே வைக்கும் இறைச்சியும் வாங்கிவைத்திருந்தார்.

செவ்வாய் மாலை ஜெபமாலை நன்றாக நடந்தது. புதன்கிழமை விடியற்காலை, எங்களோடு வந்து தங்கியிருந்த மனைவியின் பெரியம்மா ஹோலிலிருந்து கூப்பிட்ட கூச்சலில் வீடே எழுந்தது.

"மாதா கண்ணச் சிமிட்டுறாங்க! வந்து பாருங்க எல்லாரும்!"

சுரூபத்துக்கு நேர் மேலே இருந்த பல்ப், அணைத்திருந்தும், சில விநாடிகளுக்கு ஒருமுறை பளிச்சென்று சிமிட்டியது. அந்தக் கணம் சுரூபத்தின் முகமும் ஒளிர்ந்து அடங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒருமுறை புல்லரித்தது. பிறகு சுவிட்சைப் பார்த்தேன்.

"பெரியம்மா, இது சுவிட்ச்ல இருக்கிற சின்ன வெளக்கோட வேல. அது வழியா கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் பல்புக்குப் போவுது. பல்ப் அதச் சேத்து வச்சு ஒரு தடவ சிமிட்டுது."

"அப்ப குசினி பல்ப் ஏன் சிமிட்டல?"

"அங்க பழைய சுவிட்ச்."

"எட்டு பல்ப் மாட்டியிருக்கீங்க. மாதா தலைக்கு மேல இருக்கிறது மட்டும் சிமிட்டுது. நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு வாதாடுறீங்க?"

சுவிட்சைக் கழற்றிக் காட்டலாம் என்று எழுந்தேன். பெரியம்மா அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்குள் ஒழுங்கை முழுவதும் ஹோலில் இருந்தது. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா தட்டு நிறைய அரளிப் பூவோடு வந்தார். மத்தியானம் நாவுல ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மழை மூடி ஹோல் இருண்டிருந்ததால் சிமிட்டல் நன்றாகவே தெரிந்தது. மனைவி கோப்பி ஊற்றியே களைத்துப்போனாள். பிற்பகலில் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: மாதாவுக்கு இந்த வீடு பிடித்துவிட்டது, நாளை கோவிலுக்கும் இங்கிருந்தே போகட்டும்.

"அப்போ பக்கத்து வீட்டு அக்கா?" என்றேன்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். மாதா விருப்பத்துக்கு மேல நாம யாரு?"

கூட்டம் தலையாட்டியது. அக்கா வீட்டிலிருந்து பற்றிஸ் பொரியும் வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வருடமும் அவர் வீட்டைத் தாண்டிப் போனால், காரணம் மழையுமல்ல, இராணுவமுமல்ல, என் சிக்கனம்.

ஆறு மணிக்கு அக்கா வந்தார். நல்ல சேலை, கையில் மெழுகுதிரி. யாரோ விஷயத்தைச் சொல்ல, அவர் சுரூபத்தின் முன் நின்று பல்பைப் பார்த்தார். அது சிமிட்டியது. மறுபடியும் சிமிட்டியது.

"ஏன் பெரியம்மா," என்றார் அக்கா, "நீங்க ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போறீங்க. நேரமாச்சு, அடுத்த வீட்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்கு. வீட்டுக்காரங்க விடவே மாட்டேங்கிறாங்க. என்ன செய்வீங்க?"

பெரியம்மா யோசித்தார். "கூட வந்தவங்களுக்குக் கண்ணைக் காட்டுவேன்."

"அதத்தான் விடியக்காலையில இருந்து காட்டுறாங்க. உங்களுக்குத்தான் வெளங்கல."

பல்ப் இன்னொரு தடவை சிமிட்டியது. பெரியம்மா பதறி எழுந்தார்.

"ஐயோ மாதாவே! தூக்குங்க, தூக்குங்க! இவ்வளவு நேரமா காக்க வச்சிட்டோம்!"

என் அறிவியலால் விடியற்காலை முதல் முடியாத காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பாட்டோடு சுரூபம் அக்கா வீட்டுக்குப் போனது. சுண்ணாம்பு மணத்த முன்னறையில் அன்று சொன்ன ஜெபமாலை அந்த மாதத்திலேயே நீளமானது. அக்கா ஒவ்வொரு மந்திரத்தையும் அவசரமில்லாமல் சொன்னார்.

முடிந்ததும் நாவுலக்காரர் ஒருவர் ஆசையோடு பல்பை அணைத்தார். அது குண்டு பல்ப், பழைய சுவிட்ச். எல்லோரும் மெழுகுதிரி வெளிச்சத்தில் அண்ணாந்து காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மாவின் முகம் வாடத் தொடங்கியது.

"சத்தம் போடாதீங்க," என்றார் அக்கா மெதுவாக. "பாவம், ராவு பூரா முழிச்சிருந்திருக்காங்க. இங்க வந்துதான் கொஞ்சம் கண்ணசந்திருக்காங்க."

எல்லோரும் நுனிக்காலில் வெளியேறினோம். பற்றிஸை முற்றத்தில் வைத்துத்தான் பரிமாறினார். மழைத்தூறலில் நனைந்தபடி, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.