மீனலோசனியின் குரல்

சிவசம்புவைப் பிரிக்பீல்ட்ஸில் தெரியாதவர்கள் குறைவு. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பகலில் அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, மாலையில் மேடை நடிகர். முதல் மேடையிலேயே மூக்குடைபட்டார். காதலியிடம் உருக வேண்டிய இடத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளில் மனைவியை அழைக்கும் வழக்கம் வாயில் வந்துவிட்டது: "ஏனப்பா அழுகிறீர்?" காதலியைப் போய் அப்பா என்றால் சனம் சும்மா விடுமா? மண்டபமே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து வெளியே போகும்போது அந்தப் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் பழகினார்.

அதற்குப் பலனும் கிடைத்தது. தொலைக்காட்சியில் நடித்தார், எழுபத்தேழில் முதல் நாடகத்தை இயக்கினார். காப்பாரில் கடலோரமாக ஒரு பலகை வீட்டில் படப்பிடிப்பு. அம்மா வேடத்துக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, மனைவி மீனலோசனியைப் பிடித்து நிறுத்தினார். அவள் கேமராவுக்கு மிரளவேயில்லை. லோரி ஓட்டிவிட்டு வரும் மகனிடம், "வந்துட்டியாப்பா? சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அவள் நாக்கு தன் வழியில்தான் போனது: "வந்திட்டியோ ராசா? சாப்பிட்டனியோ?"

"நல்லாதானே இருக்கு அண்ணே, விடுங்க லா," என்றார் ஒளிப்பதிவாளர் ஜெயராஜ்.

சிவசம்புவின் காதில் அந்த மண்டபத்துச் சிரிப்புதான் கேட்டது. கடற்காற்றின் இரைச்சலால் எல்லாருடைய குரலையும் ஸ்டூடியோவில் மறுபடி பதிய வேண்டியிருந்தது. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. மனைவியின் வசனங்களைப் புஷ்பவல்லி என்ற வானொலி நடிகையைக் கொண்டு பேச வைத்தார்.

"ஏன், நான் கதைக்கிறது பிழையோ?" என்று கேட்டாள் மீனலோசனி.

"பிழையில்லை மீனா. சனம் சிரிக்கும்."

 நாடகத்தை அக்கம்பக்கமெல்லாம் பாராட்டியது. வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போனதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. இரண்டு வருடத்தில் மூளைக்காய்ச்சலில் அவள் போய்விட்டாள். மகள் யோகேஸ்வரி அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

பிறகு சிவசம்பு தயாரிப்பாளரும் ஆனார். கிள்ளானில் அலுவலகம், பெயர்ப்பலகை, பொன்னாடைகள். இருந்து என்ன செய்ய? வீட்டுப் பேச்சைப் பேச வீட்டில் ஆளில்லை. மகளோடும் வெளிப்பேச்சுதான்.

தொண்ணூற்றொன்பதில் யோகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"அப்பா, அம்மா நடிச்ச டேப் இருக்குல்ல? போடுங்கப்பா. அம்மா வாய்ஸ் எனக்கு ஞாபகமே இல்ல."

இத்தனை வருடம் தட்டிக்கழித்த மனிதர், இந்த முறை தட்ட முடியாமல் போட்டார். திரையில் மீனலோசனி வாசலுக்கு வந்தாள், புஷ்பவல்லி பேசினாள். மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ ஸ்வீட் வாய்ஸ்பா அம்மாவுக்கு."

பேசாமல் இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை.

"அது அம்மா இல்லம்மா. வேற ஆளு பேசுனது. நான்தான் அம்மா குரல் வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப அம்மா வாய்ஸ்?"

"எங்கயும் இல்ல."

யோகேஸ்வரி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து டேப்பைப் பின்னால் ஓட்டினார், சத்தத்தை முழுக்கக் குறைத்தார். மீனலோசனி மறுபடி வாசலுக்கு வந்து வாய் திறந்தபோது, நடிப்பை விட்டு எத்தனையோ காலமான மனிதர் மெல்லப் பேசினார்:

"வந்திட்டியோ ராசா? சாப்பிட்டனியோ?"

சொல்லுக்குச் சொல் அவள் உதட்டில் பொருந்தியது.

யோகேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"சாப்பிட்டேன்மா."