ஒரே கயிற்றால் அளந்த வளவு

தொண்ணூறுகளின் நடுவில் கல்முனையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கப் பாடசாலை, பின்னேரம் டியூஷன். கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தால், யாரோடும் கதைக்கவே மனம் வராது.

எங்கள் ஊர்களில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்கும் தங்கச்சிக்கும் வாப்பா வளவைப் பிரித்து எல்லைக் கட்டை அடித்திருந்தார். தங்கச்சியின் துண்டு சதுரம். என்னுடையது வாய்க்காலோடு சரிந்த சாய்சதுரம். நடுவில் மிஞ்சிய முக்கோணத்தில் தனக்கும் உம்மாவுக்கும் ஒரு குடில் போடுவாராம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கயித்தாலதான் அளந்தநான். நாலு பக்கமும் சரிக்குச் சரி" என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உள்வட்டம் உள்ள நாற்பக்கலைப் பற்றி அன்றுதான் வகுப்பில் தொண்டை கிழியப் படிப்பித்திருந்தேன். நான்கு பக்கங்களையும் ஒரு வட்டம் தொட்டால், எதிர்ப்பக்கங்களின் கூட்டுத்தொகை சமம். சுற்றளவின் பாதியை அந்த வட்டத்தின் ஆரையால் பெருக்கினால் பரப்பளவு. சுற்றளவு ஒன்றாகவே இருந்தாலும் வட்டம் சிறுத்தால் நிலமும் சிறுக்கும். இதை வாப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

களைப்போடு களைப்பாகக் கயிற்றை வாங்கினேன். இரண்டு துண்டுகளிலும் நடுவில் குச்சி நட்டு, நாலு எல்லையையும் தொடும் வரை மணலில் வட்டம் கீறினேன். தங்கச்சியின் வட்டத்தைச் சுற்றிவர மூச்சு வாங்கியது. என்னுடையதில் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிய கதைதான்.

"பாருங்க வாப்பா. கயிறு ஒண்டுதான், காணி ஒண்டில்ல. இதுக்குள்ள நான் வீட்டக் கட்டுறதா, கோழிக்கூட்டக் கட்டுறதா?"

வாப்பா இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வாதாடியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். குனிந்து, என் துண்டுக்கும் தன் முக்கோணத்துக்கும் இடையில் நின்ற கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

"ஓம் புள்ள, உனக்குக் குறஞ்சிதான் போச்சு. இதயும் சேத்துக்க. இப்ப காணுமா?"

"அப்ப நீங்களும் உம்மாவும் எங்க இரிக்கிற?"

"மகள்மார்ர குசினி இரிக்கிதானே" என்றார், கட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி.

வேணாம் வாப்பா என்றேன். கெஞ்சினேன், ஏசினேன். பிடுங்கிய கட்டையை அவர் திரும்ப நடவில்லை. யா அல்லாஹ், கணக்குச் சரியாக வந்ததற்காக அப்படி ஒரு நாளும் நான் வெறுத்ததில்லை.

வீடு எழும்பியது. விசாலமான வீடுதான். வளவின் எதிர்ப்பக்கங்களின் கூட்டுத்தொகை இப்போது சமமில்லை. நான்கையும் தொடும் வட்டம் அதற்குள் கிடையாது. வாப்பா கண்மூடி மௌத்தானது என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் விரித்த பாயில்.