யூபிலிப் பூசைக்கு முன் குடித்த இளநீர்

நான் படித்த கன்னியர் மடத்தில் சபையின் யூபிலி விழா என்று அழைப்பு வந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். பிரான்சு தேசத்திலிருந்து சபைத் தலைவியான பெரிய மதரே வருகிறார் என்றார்கள். பூசையில் பழைய மாணவிகள் இரண்டு வரிசையாகப் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், எடுக்க வேண்டும், நான் முதல் ஆளாக நடக்க வேண்டும் என்று விழாவுக்குப் பொறுப்பான சிஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆசிரியப் பரீட்சையில் அந்த மடத்திலிருந்து முதலில் தேறியவள் என்பதால் அந்த மரியாதை. எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நன்மை எடுக்கிறவர்கள் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. குடித்தால் அன்று நன்மை இல்லை. விடியப் பூசைதானே என்று நம்பி, மகளைத் தூக்கிக்கொண்டு மாமியோடு எங்கள் ஊர் பேசாலையிலிருந்து மாட்டுவண்டியில் மடத்துக்கு வெளிக்கிட்டேன்.

விடியப் பூசை நடக்கவில்லை. தனுஷ்கோடிக் கப்பல் காற்றில் பிந்திவிட்டது. பெரிய மதர் தலைமன்னாரில் இறங்கி, ரெயிலில் வந்த பிறகுதான் பூசை. வெயில் ஏறியது. முக்காடு போட்டபடி மடத்து விறாந்தையில் வாடி நின்றோம். மகள் மார்பில் வாய் வைப்பாள், இழுப்பாள், விட்டுவிட்டு வீரிடுவாள். பால் இறங்கவில்லை. எனக்குக் கண் இருட்டியது.

சிஸ்டரிடம் போய், "பிள்ளைக்குப் பால் காணாமல் இருக்குது சிஸ்டர்" என்றேன்.

"பெரிய மதர் கடல் கடந்து வாறா. நீர் கொஞ்சம் பொறுக்க மாட்டீரோ?"

"ஓம் சிஸ்டர்" என்று திரும்பினேன். அந்த ஓமை நினைக்க என்மேலேயே எரிச்சல் வந்தது.

மாமி வாசலில் ஓர் இளநீர் வாங்கி வந்து நீட்டினார்.

"குடி பிள்ளை."

"நான் முதல் ஆளாய்ப் போகவேணும் மாமி."

"உங்கட மடத்திலை எல்லாரும் மதர். ஒருத்தியாவது பால் குடுத்தவவோ?"

"மெல்லக் கதையுங்கோ."

"இவள் கத்திற கத்திலை நான் கதைக்கிறது ஆருக்குக் கேக்கப்போகுது?"

ஒரு மிடறு மட்டும் குடித்தால் என்ன என்று யோசித்தேன். ஒரு மிடறும் ஒரு குடமும் ஒன்றுதான் என்று எனக்குப் படிப்பித்தவர் அதே சிஸ்டர்தான். முழுவதையும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் பால் இறங்கியது. சொல்லலாம் என்று தேடினால், சிஸ்டர் ஸ்டேசனுக்குப் போய்விட்டார்.

பெரிய மதர் வந்து சேர, பூசை தொடங்கியது. நன்மை நேரத்து மணி அடித்தது. நான் முழந்தாளிலிருந்து எழும்பவில்லை. சிஸ்டர் தூரத்திலிருந்து கையைக் காட்டினார். தலையை ஆட்டி மறுத்தேன். வரிசை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது.

வெளியே வந்ததும் என்னோடு படித்த சிநேகிதி பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, அப்பிடி என்ன பாவம் செய்தனி?"

"இளநீர் குடிச்சனான். பிள்ளைக்குப் பால் இல்லை."

"உனக்கு எப்பவும் ஒரு சாட்டு" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பெரிய மதரும் நன்மை எடுக்கேல்லை, கண்டனியோ? கப்பலிலை ஒரே சத்தியாம், வயித்திலை ஒண்டும் நிக்கேல்லையாம். ஸ்டேசனிலை கோப்பி குடுத்தவையாம். பாவம்."

"எனக்கும் பாவம், அவவுக்கும் பாவம்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல நின்றாள்.

சிஸ்டர் வேகமாக வந்தார். "முதலே சொல்லியிருந்தால் வேறை ஆளை விட்டிருப்பன்."

"சொன்னனான் சிஸ்டர்."

அவர் முற்றத்துப் பக்கம் திரும்பினார். "சரி, பெரிய மதரோடை படம் எடுக்கினம். பிள்ளையை மாமியிட்டைக் குடுத்திட்டு வாரும்."

மகள் அப்போதுதான் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"இவள் குடிச்சு முடியட்டும்" என்றேன்.

படம்பிடிப்பவர் காத்திருக்கவில்லை. மடத்துச் சுவரில் மாட்டிய அந்தப் படத்தில் நான் இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றிருக்கலாமோ என்று அதைக் காணும்போதெல்லாம் நினைக்கிறேன். நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகவும் கோபப்படுகிறேன்.