தில்லி வெயில் செய்த வேலை

லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில், மாடி வீட்டு அழைப்பு மணியை அழுத்தப்போன மேடம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் அப்போது அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். "நீயும் கூட வா, தனியாச் சொல்ல எனக்கு வாய் வராது" என்று என்னை அழைத்து வந்திருந்தார்.

உயிரணுவை மூடியிருக்கும் சவ்வைப் போலக் கொழுப்பில் நுண்ணிய குமிழிகள் செய்து, மருந்து அவற்றுக்குள் எவ்வளவு நுழைகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. புற்றுநோய்க்கான பழைய மருந்து ஒன்றைச் சற்றே மாற்றியிருந்தோம். பழையதைக் குளிர்காலத்தில் சோதித்தோம், புதியதை ஜூனில். புதியது பல மடங்கு வேகமாக உள்ளே போயிற்று. மேடத்தின் கணவர் பெருமை தாங்காமல் அக்கம்பக்கமெல்லாம் லட்டு கொடுத்துவிட்டார். மாடி வீட்டு மாமியின் கணவருக்கு அந்த நோய்தான். அன்றிலிருந்து மாமி மேடத்தைப் பார்க்கும்போதெல்லாம், "எப்போ வரும்?" என்று கேட்கத் தொடங்கினார்.

டிசம்பரில் மறுபடி சோதித்தபோது புதிய மருந்தும் பழையதைப் போலவே வெளியே நின்றது. சோதனைக் குழாய்களை வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. இருபத்தைந்து டிகிரியில் வைத்துவிட்டதாக நாங்கள் நம்பியிருக்க, ஜூன் மாத வெக்கையில் தண்ணீர் அதற்கு மேல் சூடேறிக் கிடந்திருக்கிறது. சூட்டில் கொழுப்பு இளகி வழிவிட்டதை மருந்தின் சாமர்த்தியம் என்று எண்ணிவிட்டோம். கல்லூரிப் பையனுக்கே தெரிந்திருக்க வேண்டியது. ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற மேடம் தயங்கவில்லை. இந்த வீட்டு வாசல்தான் அவருக்குக் கடினமாக இருந்தது.

மாமி கதவைத் திறந்ததும் மேடம் நின்றபடியே சொன்னார்: "மாமி, அந்த மருந்து புதுசா ஒண்ணும் செய்யல. எல்லாம் தில்லி வெயில் செஞ்ச வேலை. நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்."

மாமி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவர்ட்ட சொல்லிடாதேங்கோ. கோடைக்குள்ள வந்துடும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதற்குள் உள்ளறையிலிருந்து, "யாரு, டாக்டரம்மாவா? வரச் சொல்லு" என்று குரல் வந்தது. போனோம். ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி போர்த்திப் படுத்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். "எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார்.

"வேலை நடந்துக்கிட்டிருக்கு சார்" என்றார் மேடம்.

அவர் என்னையும் பார்த்து, "நன்னாயிரும்மா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. படியிறங்கும்போது மேடம் புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார், அழவில்லை.

கோடை வருமுன்பே மாமியின் கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல முடிவுகள் எத்தனையோ வந்தன. "அவ வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லம்மா, நீயாவது சொல்லு" என்று மேடத்தின் கணவர் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். நானும் சொன்னதில்லை.